தள்ளுவண்டி வாங்குமுன் மாடிப்படியை எண்ணுங்கள்

புது நாட்டில் வந்து இறங்கிய சில மாதத்திலேயே குழந்தை பிறக்கப்போகிறது என்றால், வீடு, வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு என்று ஏற்கனவே நீண்டுகிடக்கும் வேலைகளோடு தள்ளுவண்டியும் வந்து சேர்ந்துகொள்ளும். கடைக்குப் போனால் தலை சுற்றும். பிராம், புஷ்சேர், ஸ்ட்ரோலர், பக்கி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், நாட்டுக்கு நாடு அந்தப் பெயரும் மாறும். பெயரை விடுங்கள். குழந்தை மல்லாந்து படுத்துப் போகிற வண்டி ஒன்று, உட்கார்ந்து போகிற வண்டி ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் ஏதோ ஒரு விதத்தில் கலந்து செய்தவை.

எங்கள் முதல் வண்டியின் எடை 14 கிலோ. அப்போது நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் கிடையாது, கார் கிடையாது, கூடமாட உதவ ஆளும் கிடையாது. கடையில் அது என்னமாய் ஓடியது தெரியுமா! ஒரு விரலால் தள்ளினால் திரும்புகிறது, சக்கரம் பெரிது, துணியும் அழகு. வழவழவென்று இருக்கிற கடைத்தரையில் எந்த வண்டியும் அப்படித்தான் ஓடும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு ஏழாம் மாதம், எதையும் தூக்கக் கூடாது, அதனால் கணவர் ஒற்றை ஆளாய் அதை மேலே ஏற்றினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வண்டி சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சக்கரத்தைக் கழற்றித்தான் மீட்டோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 14 கிலோ, ஒரு வயதுக் குழந்தை சுமார் 10 கிலோ, அடிக்கூடையில் சாமான் ஒரு 4 கிலோ, ஆக 28 கிலோ. அதைத் தினமும் ஒருவரே படியேற்ற முடியாது. குழந்தையை மேலே விட்டுவிட்டு வண்டிக்காகக் கீழே வருவதா, வண்டியைக் கீழே விட்டால் பத்திரமாக இருக்குமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிவரும். அதனால் கடைக்குப் போகுமுன் கையில் டேப்பை எடுங்கள். வாசல் கதவு, லிஃப்ட் கதவு, மாடித் திருப்பம், வீட்டுக்குள் வண்டியை நிறுத்தப்போகும் மூலை, கார் இருந்தால் டிக்கி, எல்லாவற்றையும் அளந்து போனில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத மாடிவீடு என்றால் 7, 8 கிலோவுக்கு மேல் போகாத வண்டியைத் தேடுங்கள் என்பேன். தரைத்தளத்தில் இருந்துகொண்டு எங்கே போனாலும் நடந்தே போகிறவர்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் பெரிய சக்கரம் வைத்த வண்டியாகவே வாங்கலாம்.

எடைக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. உட்காரவைத்தால் தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் முட்டும், அப்படிக் கிடந்தால் மூச்சுப்பாதை அடைபடலாம். ஆகவே முதல் ஆறு மாதம்வரை தட்டையாகப் படுக்கவைக்கிற வசதி கட்டாயம் வேண்டும். தொட்டி மாதிரி தனியாக வரும் கேரிகாட்டாக இருக்கலாம், முழுக்கச் சாய்கிற இருக்கையாகவும் இருக்கலாம். பிறந்ததிலிருந்தே பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே வண்டியில் எழுதியிருக்க வேண்டும், கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. கேரிகாட் பெரும்பாலும் 9 கிலோவரை அல்லது குழந்தை தானாக எழுந்து உட்கார முயலும்வரைதான், இதில் எது முதலில் வருகிறதோ அதோடு சரி. உள்ளே தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம்.

அடுத்து டிராவல் சிஸ்டம். சக்கரம் வைத்த ஒரே சட்டத்தில் கேரிகாட், இருக்கை, காரில் குழந்தையை உட்காரவைக்கும் கார் சீட் மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டலாம், எல்லாம் ஒரே பெட்டியில் வரும். கார் வைத்திருப்பவர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் காரிலிருந்து எடுத்து வண்டியில் சொடுக்கிவிடலாம். ஆனால் அந்தச் சொகுசில் பழகிப்போய் மணிக்கணக்கில் கடைகடையாகக் கார் சீட்டிலேயே குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கார் சீட் காரில் போவதற்கு மட்டும்தான். இறங்கி நடக்கப்போகிறீர்கள் என்றால் குழந்தையைத் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். காரே இல்லாதவர்கள் மொத்தப் பெட்டியையும் வாங்கிவைப்பது வீண் செலவு. ஐரோப்பாவில் நடப்பில் இருக்கும் ஆர்129 விதிப்படி அமைந்த கார் சீட்டில் 15 மாதம் முடியும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், நீங்கள் இருக்கும் நாட்டு விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்நாடாக இருந்தால், கனத்த ஜாக்கெட்டுக்கு மேல் கார் சீட் பெல்ட்டைப் போடாதீர்கள். பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, அதற்கு மேல் போர்த்துங்கள்.

மடிக்கிற வண்டி எப்படி வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த ஓவன் மக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், ஓய்வு பெற்ற பிறகு, 1965-ல் அலுமினியக் குழாய்களை வைத்துக் குடை மாதிரி மடங்குகிற வண்டி ஒன்றை வடிவமைத்தார். விமானச் சக்கரம் மடங்கி உள்ளே போகிற வித்தையைக் குழந்தை வண்டிக்குக் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பெரும்பாலும் தேர் மாதிரிதான். இன்று எல்லா வண்டியும் மடங்கும், ஆனால் எப்படி மடங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடையில் நீங்களே மடித்துப் பாருங்கள், அதுவும் ஒரு கையால். மறுகையில் குழந்தை இருக்கும் என்பதை மறக்காதீர்கள், அதற்கு ஒத்திகையாக உங்கள் கைப்பையையாவது தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மடித்தபின் தானாக நிற்கிறதா, இருக்கையைக் கழற்றினால்தான் மடங்குமா, துணி தரையில் தேய்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் தள்ளுவீர்கள் என்றால் இரண்டு பேருமே போங்கள். உயரமானவருக்குக் கைப்பிடி தாழ்வாக இருந்தால் முதுகு வலிக்கும், நடக்கும்போது முழங்காலின் கீழ்ப்பகுதி பின் அச்சில் இடித்துக்கொண்டே வரும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் விதி ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகச் சக்கர நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடத்தில் வண்டியை நிறுத்த விடுவார்கள், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்துவிட்டால் நீங்கள் மடித்துக்கொள்ள வேண்டும், முகம் சுளிக்காமல். அந்த நேரத்தில் பூதாகாரமான வண்டியை மடிக்கத் தெரியாமல் திணறுவது எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ரயில் நடைமேடை சில இடங்களில் தண்டவாளப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், பார்த்தால் தெரியாது. நின்றதும் பிரேக் போடுங்கள், ஒரு கையை வண்டியிலேயே வையுங்கள். நகரும் படிக்கட்டில் வண்டியை ஏற்றவே ஏற்றாதீர்கள், லிஃப்ட்டுக்கு ஐந்து நிமிடம் சுற்றிப் போனாலும் பரவாயில்லை.

சக்கரத்தைப் பொறுத்தவரை, சின்னக் கெட்டிச் சக்கரம் நல்ல நடைபாதைக்கும் கடைகளுக்கும் போதும். சரளை, பனி, கருங்கல் பாவிய தெரு என்றால் அது சிக்கிக்கொள்ளும், குழந்தையும் குலுங்கும். காற்றடைத்த பெரிய சக்கரம் சுகமாக ஓடும், பதிலுக்குப் பஞ்சராகும்.

இனி நான் நேரில் பட்டது ஒன்று. கைப்பிடியில் பை மாட்டாதீர்கள் என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கும், யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு கனமான பைகளை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். மகள் உள்ளே இருந்தவரை வண்டி நின்றது. பெல்ட்டை அவிழ்த்து அவளைத் தூக்கிய அந்த நொடியில் முன்பக்கம் எடை போய்விட்டது, வண்டி அப்படியே பின்னால் மல்லாந்து விழுந்தது, முன்சக்கரம் இரண்டும் என் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளை என் கையில் இருந்ததால் பிழைத்தோம். அவள் உள்ளே இருந்து, பெல்ட் போடாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். சாமான் எல்லாம் அடிக்கூடையில் போகட்டும், கூடை பெரிதாக இருக்கிற வண்டியாகப் பாருங்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட்டையும் ஒவ்வொரு முறையும் போடுங்கள், கடைத்தெருமுனை வரைக்கும்தானே என்று விடாதீர்கள்.

பாதுகாப்புத் தரத்துக்கு லேபிளைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஈஎன் 1888, அதில் முதல் பகுதி 15 கிலோவரை, இரண்டாம் பகுதி 22 கிலோவரை தாங்கும் வண்டிகளுக்கானது. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்833, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஏஎஸ்/என்இசட்எஸ் 2088. ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டை சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும், வண்டி கையை விட்டு ஓடாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வாரும் இருக்க வேண்டும். ரொம்ப நல்ல விதி. உங்கள் வண்டியில் வார் இருந்தால் அலங்காரத்துக்கு என்று தொங்கவிடாதீர்கள்.

இரண்டாவது குழந்தை எண்ணம் இருக்கிறவர்கள் இப்போதே கொஞ்சம் யோசித்துவிடலாம். இரண்டு வயதுக்குள் இடைவெளி என்றால் பெரியதும் இன்னும் வண்டிக்காரப் பிள்ளைதான். பக்கத்துப் பக்கமாக உட்காரும் இரட்டை வண்டியில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இடம், தள்ளவும் திருப்பவும் லேசு, ஆனால் அகலம் 75 சென்டிமீட்டரைச் சுற்றி வரும், பழைய கட்டடக் கதவுகளில் நுழையாமல் போகலாம். முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி கதவில் நுழையும், நீளமும் எடையும் ஜாஸ்தி, நடைபாதை விளிம்பில் ஏற்றக் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், கீழ் இருக்கையில் இருப்பவருக்கு மேல் இருக்கையின் முதுகுதான் காட்சி. பெரிய குழந்தைக்கு மூன்று வயது ஆகியிருந்தால் இரட்டை வண்டியே வேண்டாம், பின்னால் மாட்டி நின்றுகொண்டு வரும் பலகை போதும், உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா என்று மட்டும் பாருங்கள். ஒற்றையாக வாங்கிப் பின்னால் இரண்டாவது இருக்கையை மாட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. சொல்லும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் இன்னும் பிறக்காத பிள்ளைக்காக இரண்டு மூன்று வருடம் அந்தக் கூடுதல் எடையைச் சும்மா தள்ளுவீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பழைய வண்டி வாங்குவதில் தப்பே இல்லை, எங்கள் இரண்டாவது வண்டி அப்படி வந்ததுதான், இன்றும் ஓடுகிறது. பிரேக் போட்டு முழு பலத்தோடு தள்ளிப் பாருங்கள். பெல்ட் பூட்டு சொடுக்கென்று மாட்டுகிறதா, சட்டத்தில் விரிசல் உண்டா, சக்கரம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பெறப்பட்ட பொருள்களின் பட்டியலில் தேடுங்கள். 2009-ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் குடைமடிப்பு வண்டிகளைப் பற்றி எச்சரிக்கை வந்தது, விரிக்கும்போது மடிப்புக் கீலில் குழந்தைகளின் விரல் நுனி சிக்கித் துண்டானதால். அதற்கு உறை கொடுத்தார்கள், பழைய வண்டியில் அந்த உறை இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? எந்த வண்டியானாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை எட்ட நிற்கட்டும். கார் சீட்டை மட்டும் முகம் தெரியாதவரிடம் பழையதாக வாங்க வேண்டாம், அது விபத்தில் சிக்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

வெயிலில் வண்டியின் மேல் துணி போர்த்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மெல்லிய துணிதானே என்று தோன்றும், உள்ளே காற்று நின்று சூடு மளமளவென்று ஏறிவிடும், குழந்தையும் கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்கு மாட்டும் குடையோ நீளமான கூரையோ போதும். மழை உறையைக் கடைக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போனதும் எடுத்துவிடுங்கள். குளிருகிறதா, வேர்க்கிறதா என்று பார்க்க உள்ளங்கையைத் தொடாதீர்கள், அது எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும், பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கிவிட்டீர்களா, சரி, அட்டைப்பெட்டியைக் கிழிக்காதீர்கள். வண்டியை வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள், ஒருமுறை படியேற்றிப் பாருங்கள், கதவில் நுழைத்துப் பாருங்கள், வெளியே கொண்டுபோய் சக்கரத்தை அழுக்காக்குவதற்கு முன்னால். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று ரசீதில் இருக்கும். நாங்கள் அன்று சாயங்காலமே பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டோம். மறுநாள் கடையில், "பெட்டி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.