துர்துக் போறீங்களா? லேயில் 2 நாள் படுத்துக்கங்க

எங்க கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து லடாக் கிளம்புகிறவர்கள் பாங்காங் ஏரியோடு திரும்பிவிடுகிறார்கள். நுப்ரா பள்ளத்தாக்கின் கோடியில், ஷியோக் ஆற்றங்கரையில் இருக்கும் துர்துக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971 போருக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த, பால்டி இன மக்கள் வாழும் ஊர் அது. சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் மட்டும் பச்சை. பனி உருகி வரும் நீரைச் சின்ன வாய்க்கால்களில் வயலுக்குத் திருப்புகிறார்கள். காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கிருந்து கால் நகராது.

கோவையில் ஏறி, டெல்லியில் மாறி லடாக்கின் முக்கிய நகரான லேயில் இறங்கினால் ஒரே நாளில் 11,500 அடி உயரம். காற்றில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் தலைவலி வரலாம். முதல் 2 நாள் அறையிலேயே ஓய்வெடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். துர்துக் லேயை விடத் தாழ்வுதான், ஆனால் வழியில் 17,500 அடிக்கு மேல் உள்ள கர்துங் லா கணவாயைத் தாண்டணும். அங்கே போட்டோ எடுத்ததும் இறங்கிவிடுங்கள்.

எல்லையோர ஊர் என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று லேயிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஆதார் நகல்களும் தயார் செய்துகொள்ளுங்கள். நம்மூர் பிரீபெய்டு சிம் அங்கே செத்த சிம்தான், போஸ்ட்பெய்டு வேண்டும். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், வயல் வரப்பை மிதித்து நடக்காதீங்க. பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீங்க. ஜூலையில் போனால் ஆப்ரிகாட் பழுத்திருக்கும்; காசு கொடுத்து வாங்கித் தின்னுங்க, மரத்தை உலுக்க வேண்டாம்.