ஃபோம் கவச உடை: மூட்டு வேலையை முடித்துவிட்டு உருமறைப்புக்கு (கேமஃப்ளாஜ்) வாருங்கள்

ஈ.வி.ஏ. ஃபோமில் (லேசான, வளையும் நுரைத் தகடு) அறிவியல் புனைவுக் கவசம் செய்யும்போது பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறப்பதே சரி. எந்தத் தகடு எதன் அடியில் நுழையும் என்பது முடிவாகும் முன் உருமறைப்பு வரைந்தால், ஒருமுறை குனிந்து நிமிர்ந்ததுமே கோலம் கலைந்துவிடும்.

முழங்காலில் தொடங்குங்கள். முட்டிக்கு ஒரு சாண் மேலும் ஒரு சாண் கீழும் புள்ளி வைத்து, நின்றபடி டேப்பால் அளவெடுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதே புள்ளிகளுக்கு நடுவே மறுபடி அளங்கள். 8 செ.மீ. கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டித் தகட்டுக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை வைத்தால், தொடை முதல் கணைக்கால் வரை 4 இணைப்புகள் வரும். ஒவ்வொன்றும் 2 செ.மீ. விரியும் என்பதால் 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டுங்கள். படிமானத்தில் கஞ்சத்தனம் செய்தால் உட்காரும்போது இடைவெளி பல்லிளிக்கும். பெரிய தகடுகளுக்கு 10 மி.மீ. ஃபோம், பட்டைகளுக்கு 5 மி.மீ. போதும்.

முழங்காலின் பக்கவாட்டில் தகடுகளை இணைக்கத் திருகு வைப்பவர்கள் வட்டத் துளை போடாதீர்கள். மடங்கும்போது முழங்காலின் அச்சு இடம் மாறும். வட்டத் துளை என்றால் தொடைத் தகடு மேலேறி இடுப்பை இடிக்கும். 1.5 செ.மீ. நீளப் பிளவு வெட்டினால் திருகு நகர்ந்து கொடுக்கும். பழைய கவசக் கொல்லர்களும் நகரும் ஆணியைத்தான் நம்பினார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு 1520-இல், தரையில் நின்று மோதும் போட்டிக்காகச் செய்த கவசம், மூட்டுகளில்கூட இடைவெளி விடாமல் உடலை மூடும். விண்வெளி உடைப் பொறியாளர்கள் 1960-களில் அதைத் தேடிப் போய் ஆராய்ந்தார்கள் என்றால் காரணம் அதுதான்.

தோள் தகட்டை மார்போடு ஒட்டவே ஒட்டாதீர்கள். கை தூக்கினால் தோள்மூட்டே மேலெழும்பும். தகடு தாடையில் முட்டும். பட்டை நாடாவில் தொங்கவிடுங்கள்.

ஒட்டும் முன்பே ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) ஃபோமின் மேற்பரப்பு லேசாக மினுங்கும் வரை சூடு காட்டி, அதன் நுண்துளைகளை மூடுங்கள். பிறகு வளையும் ரப்பர் ஸ்ப்ரே 3 பூச்சு. இதைத் தவிர்த்தால் ஃபோம் பெயிண்டைக் குடிக்கும், மடிப்பில் வெடிக்கும்.

இப்போது கவசத்தை ஒருவருக்கு மாட்டி, முழங்காலையும் முழங்கையையும் பாதி மடக்கி நிற்கச் சொல்லி, சாக்பீஸால் கோலத்தைக் குறியுங்கள். 15 முதல் 20 செ.மீ. திட்டுகள் தகட்டு விளிம்பைச் சாய்வாகக் கடந்து அடுத்த தகட்டுக்குள் போக வேண்டும். விளிம்போடு நின்றுவிடும் திட்டு, தகட்டின் உருவத்தைக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். சுவீடன் ராணுவத்தின் எம்90 உருமறைப்பு போன்ற நேர்கோட்டுத் துண்டுகளை மாஸ்கிங் டேப்பில் எளிதாகப் போடலாம். ஆனால் கோடு எதுவும் விளிம்புக்கு இணையாக ஓடக்கூடாது. ஒளி மேலிருந்து விழுவதால் தோளின் மேற்புறத்துக்கு ஒரு படி கூடுதல் அடர்த்தி, மார்பின் அடிப்பக்கத்துக்கு வெளிர் நிறம்.

அடியில் நுழையும் 3 செ.மீ. பகுதியில் பெயிண்டை மெல்லியதாக விடுங்கள். தடித்தால் உரசி உரிந்து வரும். உள்ளே கறுப்பு உடை வேண்டாம். மூட்டு விரியும்போதெல்லாம் தகட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரியும். அடி நிறத்தின் அடர் சாயலில் துணி எடுங்கள். மேலே பளபளக்காத மேட் பூச்சு அடியுங்கள்.