டாக்டர் ஹூ நாவல்கள்: எதை முதலில் எடுப்பது?

காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியின் கதைதான் 'டாக்டர் ஹூ'. இந்தத் தொலைக்காட்சித் தொடர் 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. அடுத்த வருடமே அதன் முதல் நாவலும் வந்துவிட்டது. இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெளிவந்த வரிசைப்படி படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பாதியிலேயே சலித்துப்போகும். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: திரையில் இல்லாத எது இதில் இருக்கிறது?

தொடங்க ஏற்றவை டார்கெட் பதிப்பகத்தின் சின்னப் புத்தகங்கள். 1973-இல் ஆரம்பித்த வரிசை இது. வீடியோ கேசட் இல்லாத காலத்தில், ஒளிபரப்பாகி முடிந்த கதையைத் திரும்ப அனுபவிக்க ரசிகர்களுக்கு இவைதான் வழி. இதில் டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே அறுபதுக்கு மேல் எழுதியிருக்கிறார். விறுவிறுவென்று ஓடும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆனால் பல சமயம் திரைக்கதையை அப்படியே பின்தொடர்வார். எபிசோடை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால் அவருடைய பிற்காலப் புத்தகங்களில் பலவற்றைத் தயங்காமல் தள்ளிவைக்கலாம்.

இதே வரிசையில் எழுதிய மால்கம் ஹல்க் அப்படியில்லை. 1974-இல் வந்த அவருடைய 'தி கேவ் மான்ஸ்டர்ஸ்' கதையை நான் யாருக்கும் முதலில் நீட்டுவேன். மனிதருக்கு முன்பே பூமியில் வாழ்ந்த ஓர் ஊர்வன இனத்தைப் பற்றியது அது. தொலைக்காட்சியில் அந்த இனத்தவர் 'வயதான சைலூரியன்', 'இளைய சைலூரியன்' என்ற அளவில்தான் வருவார்கள், பெயர் கிடையாது. புத்தகத்தில் ஓக்டெல், மோர்க்கா என்று பெயர்கள் உண்டு. முதல் அத்தியாயமே அவர்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது: பூமியை நோக்கி ஒரு சின்னக் கோள் வருகிறது, தப்பிக்க வேண்டி இனமே நிலத்தடிக்குள் இறங்குகிறது. இதைப் படித்துவிட்டு மேலே போனால், பிறகு வரும் மனிதர்கள்தான் ஊடுருவியவர்களாகத் தெரிகிறார்கள். ரப்பர் உடையில் நடிகர்கள் தடுமாறும் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட இங்கே சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம் டேவிட் விட்டேகர் எழுதிய அந்த முதல் நாவல், 1964. டாலெக் என்ற உலோகக் கூட்டு எதிரிகளின் கதைதான், ஆனால் சொல்பவர் டாக்டரோடு பயணிக்கும் இயன். திரையில் இயனும் பார்பராவும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். இங்கேயோ பனிமூட்டத்தில், பார்ன்ஸ் காமன் அருகே நடந்த ஒரு சாலை விபத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். தொடரோடு முரண்படுகிறதே என்று கவலைப்படாதீர்கள். தனிக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் பல எபிசோடுகளைப் பிபிசியே அழித்துவிட்டது. டிராய் போர்க் கதையான 'தி மித் மேக்கர்ஸ்' நான்கு பகுதிகளாக வந்தது, இப்போது படமாக ஒன்றுகூடக் கையில் இல்லை. டொனால்ட் காட்டன் அதைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரே சொல்வதுபோல நாவலாக்கியிருக்கிறார். குறும்பான புத்தகம்.

1989-இல் நின்ற தொடர் 2005-இல்தான் மீண்டும் வழக்கமாக வரத் தொடங்கியது. 1991 முதல் வர்ஜின் பதிப்பகம் முற்றிலும் புதிய கதைகளாக, பெரியவர்களுக்கென்றே வெளியிட ஆரம்பித்தது. இதை நடுவில் நுழைந்தும் படிக்கலாம், பால் கார்னெலின் 'ஹியூமன் நேச்சர்' (1995) போதும். 2007-இல் அதே கதை தொலைக்காட்சிக்கு வந்தது. அங்கே டாக்டர் துரத்துபவர்களிடமிருந்து ஒளிய மனிதனாகிறார். புத்தகத்தில் மனித உணர்வு எப்படி இருக்கும் என்று அறிய, தானே விரும்பி ஆகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு காரணத்தை மாற்றினால் கதை முழுக்க எப்படி வேறாகிறது என்று புரியும். எனக்குப் புத்தகம்தான் ஒரு படி மேல்.

2005-க்குப் பின் வந்த கெட்டி அட்டைக் கதைகள் சுமாரானவை, இளையவர்களுக்குச் சரி. 2018-இல் திரும்பி வந்த டார்கெட் வரிசையில் ஸ்டீவன் மோஃபட்டின் 'தி டே ஆஃப் தி டாக்டர்' மட்டும் தனி ரகம். அத்தியாய எண்களே முன்பின்னாகக் கலைந்து கிடக்கும். எபிசோடைப் பார்த்த பிறகே எடுங்கள்.

பழைய பிரதி வாங்குவதாக இருந்தால் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' எபிசோடின் நாவல் பெயர் 'தி ஆட்டன் இன்வேஷன்'. 'காலனி இன் ஸ்பேஸ்' புத்தகத்தில் 'தி டூம்ஸ்டே வெப்பன்' ஆகிவிட்டது. விட்டேகரின் நாவலும் 1973 மறுபதிப்பில் 'டாக்டர் ஹூ அண்ட் தி டாலெக்ஸ்' என்று பெயர் மாறியது, ஒரே கதைக்கு இருமுறை காசு கொடுக்காதீர்கள்.