வேலைய விட்டுட்டு ஊர் சுத்தினப்போ மாட்டினதும் சரி பண்ணதும்

வேலைய விட்டு பத்து மாசம் ஆச்சு, ஒரு லேப்டாப் ஒரு பேக், போற இடத்துல ஃப்ரீலான்ஸ் வேலை. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா முதல் ரெண்டு மாசம் செம சொதப்பல்.

மூணு நாளைக்கு ஒரு ஊர்னு ஓடினதுதான் தப்பு. பஸ் புடிக்கிறது ரூம் தேடுறதுன்னே பாதி நாள் போயிடும், ஊரும் பாக்கல வேலையும் முடியல, ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட்ல ப்ளக் பாயிண்ட் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்து ஃபைல் அனுப்பினேன், 94 சதவீதத்துல அப்லோட் நின்னுச்சு, அந்த கிளையண்டும் அதோட போயிட்டார்.

இப்போ ஒரு ஊர்ல குறைஞ்சது ஒரு மாசம், இடம் மாறுறது சனிக்கிழமை மட்டும். ரூம் புக் பண்ணும்போதே அங்க நெட் ஸ்பீட் டெஸ்ட் பண்ண ஸ்கிரீன்ஷாட் கேட்டுடுவேன். டவுன்லோட பாத்து ஏமாறாதீங்க, ஃபைல் அனுப்ப அப்லோட்தான் முக்கியம்.

அடுத்த தலைவலி ஓடிபி. வெளிநாட்டுல பழைய நம்பர் வேலை செய்யல, பேங்க் ஆப் உள்ளயே விடல. இப்போ பழைய சிம்ல ரோமிங் ஆன், டேட்டாவுக்கு தனியா இ-சிம், அதாவது கார்டு போடாம போன்லயே ஏத்திக்கிற சிம். மெயிலுக்கு ஆதென்டிகேட்டர் ஆப், லாகின் கோட போன்லயே காட்டுற ஆப் அது, 30 செகண்டுக்கு ஒரு நம்பர் தானா மாறும், சிக்னலே வேணாம். அந்த ஆப் இல்லாமலே மெயில்ல உள்ள போக உதவுற பேக்கப் கோட பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட் கவர்ல வெச்சிருக்கேன், போனே தொலைஞ்சா என்ன பண்றது!

அப்புறம் விசா. ஹாஸ்டல்ல ரூம் ஃப்ரீ, ரிசப்ஷன் பாத்துக்கோன்னு சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன். சம்பளம் வாங்கலன்னாலும் டூரிஸ்ட் விசால அது பல நாட்டுல வேலைன்னுதான் கணக்கு, ரூல படிச்சுட்டு மறுநாளே வேணாம்னுட்டேன்.