தே தாரிக் சத்தமும் சாம்பிராணி வாசமும்: சோதனைக் கவிதை சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவைப் பற்றி, அதன் சத்தத்தையும் வாசத்தையும் வைத்துச் சோதனைக் கவிதை எழுத உட்காருகிற பலரும் முதல் பத்து வரியிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறார்கள்: கோயில் மணி, பாங்கு, தேவாலய மணி, சீன ஊதுபத்தி, மசாலா, மல்லிகை, பிளாச்சான் என்கிற இறால் விழுது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே காதில் விழுவதில்லை. அடுக்கி வைத்தால் அது சுற்றுலாக் கையேடாகத்தான் இருக்கும். ஒரு மூலையையும் ஒரு பொழுதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணியை ஒட்டி அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கும் கோயில் பூசையும் நெருங்கி வரும். எது முந்தியது, எதன் நடுவே மோட்டார் சைக்கிள் புகுந்து போனது என்பதைக் கேட்டு எழுதினாலே கவிதைக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த தவறு, சத்தம் என்றதும் சலசல, கடகட, டிங்டிங் என்று கொட்டுவது. இவை பழகித் தேய்ந்த சொற்கள். வாசகர் கண்ணால் தாண்டிப் போய்விடுவார், காதில் எதுவும் விழாது. சத்தத்துக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டு, அது எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள்.

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், தே தாரிக் என்கிற பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுவதை எடுத்துக்கொள்வோம். குவளை நிறைய நிறைய உள்ளே காற்று நிற்கும் இடம் குறைகிறது, அதனால் சுருதி மேலே ஏறுகிறது. நுரை கட்டியதும் சத்தம் மங்கிவிடுகிறது. இதே ஏற்றம் நம் உயிரெழுத்துகளிலும் இருக்கிறது. குரலே எழுப்பாமல் ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று கிசுகிசுத்துப் பாருங்கள், படிப்படியாக ஏறுவது உங்களுக்கே கேட்கும். அப்படியென்றால்:

தூக்கிய கை
தோளுக்கு மேல்
தாரை
தேநீர்
தீண்டும் நுரை

இதில் ஒலிக்குறிப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் குவளை நிறைகிறது. கடைசி வரியில் வல்லினம் தளர்ந்து ‘நுரை’ என்று மெல்ல அமர்கிறது.

சோதனை என்றால் இலக்கணத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று நினைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் 20 வண்ணங்களை, அதாவது செய்யுளின் ஓசை வகைகளைச் சொல்கிறது. வல்லினம் மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லினம் மிகுந்தால் மெல்லிசை வண்ணம், ஆய்தம் பயின்று வந்தால் நலிபு வண்ணம். ஒலியை வைத்து ஆடுவதற்கு இதைவிடக் கருவி வேண்டுமா? தெருவில் கூவி விற்பவரின் இழுப்பை எழுத, எழுத்தின் ஓசையை நீட்டிக் காட்டும் அளபெடை இருக்கிறது. மூன்று புள்ளி வைத்து ஒப்பேற்ற வேண்டியதில்லை.

சரி, வாசத்துக்கு வருவோம். சறுக்கல் இங்கேதான் அதிகம். ‘நறுமணம் கமழ்ந்தது’ என்று எழுதினால் எந்த மூக்கிலும் எதுவும் ஏறாது. வாசம் உடம்பை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். காய்ந்த மிளகாய் வறுக்கிற நெடி, வாசமாகத் தெரிவதற்குள் தொண்டையில் கமறி இருமலாக வந்துவிடும். அந்த இருமல் வரியை உடைக்கட்டும். சொல்லின் நடுவிலேயே உடைந்தாலும் தப்பில்லை.

வாசத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சாம்பிராணிப் புகைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் அது இருப்பதே தெரியாமல் போகும். ஆனால் பலரது கவிதைகளில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசம் ஒரே அளவில் வீசிக்கொண்டே இருக்கிறது. அதை மங்க விடுங்கள். சாம்பிராணி, சில வரிகள் கழித்து சாம்பிரா, அப்புறம் சாம்பி, சாம், சா என்று பக்கத்தில் அங்கங்கே தேயட்டும். வெளியே போய்க் காற்று வாங்கித் திரும்பினால் மூக்கு மறுபடி விழிக்கும். அங்கே முழுச் சொல்லும் திரும்ப வரலாம்.

மலேசியத் தமிழர்களான நம்மவர்களுக்கே உரிய ஒரு வழுக்கலையும் சொல்ல வேண்டும். எந்த வாசத்தில் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் ரப்பர் தோட்டத்துக்கும் ஒட்டுப்பால் வீச்சத்துக்கும் பாட்டியின் அடுப்பங்கரைக்கும் போய்விடுகிறோம். அந்த நினைவுகள் பெரியவை, எழுதப்பட வேண்டியவை. ஆனால் ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி மின்தூக்கியில் நிற்கிற துரியான் வாசத்துக்கும் அதற்கென்று ஒரு கவிதை கிடைக்க வேண்டாமா?

கைப்பேசியில் பதிவு செய்து அதையே எழுதுவது போதாது. ஒலிவாங்கி எல்லாவற்றையும் அள்ளும், உங்கள் காதோ தேர்ந்தெடுக்கும். பதிவை நினைவூட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘தாப்பாவ்’ (பொட்டலம் கட்டுவது), ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) போன்ற கடைப் பேச்சுக்குக் கவிதையில் அடிக்குறிப்பும் வேண்டாம். விளக்க நின்றால் தாளம் அறுந்துவிடும்.

கணினி நிரல் எழுதி எழுத்துகளை வெட்டி ஒட்டுபவர்களுக்கு ஒன்று. கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘சா’ என்பது ஓர் எழுத்தல்ல, ‘ச’வும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். குறியீடு குறியீடாக வெட்டினால் கால் தனியாகக் கழன்று, புள்ளி வட்டத்தோடு நிற்கும். முழு எழுத்தாக வெட்டும்படி நிரலை அமைத்துவிடுங்கள். பக்கத்தில் இடைவெளி விட்டு எழுதுபவர்களும் அச்சுக்கு அனுப்பும் முன் பி.டி.எஃப். ஆக மாற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்துரு மாறினால் சொற்களும் இடம் நகர்ந்துவிடும்.