இரண்டு வேலை, ஒரு மூளை: ஈ.ஈ.ஜி.யில் கவனத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் சிமுலேட்டரில் கார் ஓட்டுகிறார். காதில் ஒலிகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் தாழ்ந்த சுருதி, எப்போதாவது உயர்ந்த சுருதி. உயர்ந்ததை மட்டும் அவர் மனத்துக்குள் எண்ண வேண்டும். அந்த அரிய ஒலி வந்து சுமார் 300 மில்லிநொடி கழிந்ததும், தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் மாற்றங்களைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் ஒரு நேர்மின் அலை எழும். 1965-இல் சாமுவேல் சட்டன் குழுவினர் வெளியிட்ட இந்த அலைக்குப் பி300 என்று பெயர். சும்மா உட்கார்ந்து எண்ணினால் அலை உயரமாக எழும், ஓட்டிக்கொண்டே எண்ணினால் தாழும். உடனே ‘கவனம் பிரிந்துவிட்டது’ என்று முடிவெழுதிவிடுகிறார்கள். அலை தாழ வேறு காரணங்களும் உண்டு. அவற்றை விலக்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

முதல் சந்தேகம் சராசரியின் மேல் விழ வேண்டும். பி300-ஐப் பார்க்கப் பல பத்து ஒலிகளுக்கான பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறோம். இரண்டு வேலை செய்பவரின் மூளை ஒரே வேகத்தில் பதில் தருவதில்லை. அலை ஒருமுறை 350 மில்லிநொடியில் உச்சம் தொடும், அடுத்தமுறை 420-இல், பிறகு 500-இல். ஒவ்வொன்றும் 10 மைக்ரோவோல்ட் உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாததால் சராசரி அலை குட்டையாகவும் அகலமாகவும் வரும். கவனம் துளியும் குறையவில்லை, நேரம்தான் சிதறியிருக்கிறது. அதனால் உச்சத்தை மட்டும் அளக்காமல், இந்தச் சிதறல் முழுவதும் அடங்கும் அகலமான நேர இடைவெளியின் சராசரி மின்னழுத்தத்தையும் பாருங்கள். இதைச் சோதிக்காத ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை.

அடுத்த தவறு, ஒரு வேலையின் அலையோடு நின்றுவிடுவது. ஓட்டுபவர் எண்ணுவதையே கைவிட்டிருந்தாலும் பி300 தாழும். எண்ணிக்கை சரியா, வண்டி தடம் மாறியதா என்பதையும் பதிவுசெய்யுங்கள். விக்கன்ஸ், கிரேமர், வனாஸ், டான்சின் நால்வரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வின் பலமே இரண்டு பக்கமும் பார்த்ததுதான். முதன்மை வேலை கடினமாக ஆக, துணை வேலையின் பி300 தாழ்ந்தது, முதன்மை வேலையின் பி300 உயர்ந்தது. கவனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது என்று சொல்ல அப்படிப்பட்ட சான்று வேண்டும்.

கண்ணையும் மறக்கக் கூடாது. ஓர் இமைப்பு நெற்றி மின்முனைகளில் 100 மைக்ரோவோல்ட்டையும் தாண்டும், பி300-ஓ பெரும்பாலும் 20-க்குள் அடங்கிவிடும். வண்டி ஓட்டும்போது கண் அலையும், சும்மா எண்ணும்போது திரையையே வெறிக்கும். எனவே எண்ணுவது மட்டுமே வேலையாக இருக்கும் சுற்றிலும் அதே சாலைக் காட்சி ஓடட்டும், அதே ஒலிகள் வரட்டும். இமைப்பு விழுந்த பதிவுகளை நீக்கிய பிறகு ஒரு பக்கம் 80, மறுபக்கம் 35 என்று மிஞ்சினால், 35 உள்ள பக்கத்தில் இரைச்சல் (பதிவில் கலக்கும் தற்செயலான மின் ஏற்ற இறக்கம்) கூடி உச்சமும் பொய்யாக உயரும். இங்கும் சராசரி மின்னழுத்தமே கைகொடுக்கும்.

பி300-க்குப் பதிலாக, களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் மாறக்கூடிய ஆல்ஃபா என்ற மூளை அலையைப் (8–12 ஹெர்ட்ஸ்) பார்ப்பவர்களுக்கு ஒன்று: எல்லோருக்கும் ஒற்றை வேலையை முதலிலும் இரட்டை வேலையைக் கடைசியிலும் வைத்தால் களைப்பும் தூக்கமும் கணக்கில் கலந்துவிடும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள்.

எந்த மின்முனை, எந்த நேர இடைவெளி என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதிவையுங்கள். அலையைப் பார்த்தபின் வித்தியாசம் பெரிதாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் வெறும் இரைச்சல்கூட முடிவாகத் தெரியும். லக், காஸ்பெலின் இருவரும் 2017-இல் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள்.