பழைய கணினியில் புதிய விளையாட்டு: எதை முதலில் மாற்றுவது?

"மாமா, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிக் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அக்கா மகன் கேட்டான். பணத்தை எடுப்பதற்கு முன் கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்தவை: 2018இல் வெளிவந்த ரைசன் 3 2200ஜி பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்.எம்.பி.எஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி). உங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கணினி இருந்தால், அதை ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம். சம்பளத்துக்குச் சம்பளம் ஒவ்வொரு பாகமாக மாற்றலாம். வரிசை தவறினால்தான் பணம் வீணாகும்.

முதல் படி: எது தடுக்கிறது என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் விளையாட்டைப் பதினைந்து நிமிடம் ஆடுங்கள். ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கிராஃபிக்ஸ்தான் எல்லை. ஜிபியு 60 சதவீதத்தில் இருக்கும்போதே படம் திக்கினால் பிராசஸரையோ ரேமையோ சந்தேகப்படுங்கள். பிராசஸரின் மொத்த சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோராகப் பிரித்துப் பாருங்கள். மொத்தம் 50 சதவீதம் என்று காட்டும்போதே ஒரு கோர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்.

அதே பக்கத்தில் மெமரியைத் தொட்டால் ரேமின் வேகமும், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். அக்கா மகனின் கணினியில் 4 ஸ்லாட்டில் 1 மட்டும் நிரம்பியிருந்தது. வேகம் 2133 என்று காட்டியது, ஆனால் ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் 3000 என்று அச்சாகியிருந்தது. கொடுத்த காசுக்கு உரிய வேகம் இத்தனை வருடமாக உள்ளேயே தூங்கிக் கிடந்திருக்கிறது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால் அது விழித்துக்கொள்ளும். சில போர்டுகளில் டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. விசிறியில் படிந்த தூசியையும் அன்றே துடைத்துவிடுங்கள்.

ரேம்: இரண்டாவது ஸ்டிக்

2200ஜி போன்ற பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது ரேமிலிருந்தே கடன் வாங்குகிறது. ஒரே ஸ்டிக் என்றால் ஒரே வழிப்பாதை. பிராசஸரும் கிராஃபிக்ஸும் அதில்தான் முட்டி மோத வேண்டும். இரண்டு ஸ்டிக் போட்டால் பாதை இரண்டாகிறது. அதனால் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க இன்னும் ஆறு மாதம் ஆகும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இருக்கும் ஸ்டிக்கின் அளவிலும் வேகத்திலும் இன்னொன்று வாங்குங்கள். 4 ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் செருகுங்கள். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பெரும்பாலும் பாதை ஒன்றாகவே இருந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஒரு நொடியில் திரையில் வரும் படங்களான ஃப்ரேம்களின் எண்ணிக்கையைக் கூட்டாது, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். பி450 போர்டில் அதைச் செருக எம்.2 ஸ்லாட் இருக்கும். என்விஎம்இ என்ற வேகமான வகையில் விலை குறைந்த ஒன்று போதும்.

எஸ்.எம்.பி.எஸ்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன், கேபினெட்டோடு இலவசமாக வந்த ஒன்றை நம்பிப் புதுக் கார்டைச் செருகினேன். மூன்றாவது வாரம் விளையாட்டின் நடுவே 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. போனது எஸ்.எம்.பி.எஸ் மட்டுமல்ல, மதர்போர்டும் சேர்ந்து போனது. அந்தச் செலவில் நல்ல எஸ்.எம்.பி.எஸ் இரண்டு வாங்கியிருக்கலாம்.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அக்கா மகனுடையதில் பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருந்தது. கீழே +12வி என்ற கட்டத்தில் 18 ஆம்பியர். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், பிராசஸர் 65 வாட் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 200 வந்துவிடுகிறது. விளையாட்டில் நொடிப்பொழுதுக்கு இழுக்கும் மின்சாரம் இதையும் தாண்டும். எனவே மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரையும், தரப்பட்ட வாட் அளவில் பெரும்பகுதியை +12வியிலேயே தரும் தன்மையும் கொண்ட 450 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் வாங்குங்கள். அடுத்த கணினிக்கும் அது கூடவே வரும்.

கிராஃபிக்ஸ் கார்டு

இப்போதுதான் இதன் முறை. கையில் இருக்கும் பணத்தில் பாதி இதற்குப் போகட்டும். உங்கள் மானிட்டர் 1080பி (1920x1080 புள்ளிகள்) என்றால் 8 ஜிபி நினைவகம் உள்ள ஆர்எக்ஸ் 6600 வகைக் கார்டு தாராளம். எஸ்.எம்.பி.எஸ் மாற்றவே முடியாத நிலை என்றால் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது. அதில் சில மாடல்களுக்குத் தனி மின்கம்பியே தேவையில்லை, ஸ்லாட்டிலிருந்து வரும் 75 வாட் போதும். ஆனால் அதன் 4 ஜிபி நினைவகம் புதிய விளையாட்டுகளுக்குத் திணறும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டாங்கைக் கார்டுகளும் கண்ணில் படும். வாங்குவது தப்பில்லை. கடையிலேயே செருகச் சொல்லி, கால் மணி நேரம் முழு பாரத்தில் ஓட விட்டு, வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்த பிறகு பணம் கொடுங்கள். புதிதோ பழையதோ, சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கேபினெட்டுக்குள் இருக்கும் இடத்தை வீட்டிலேயே ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு போவதும் நல்லது.

பிராசஸர்: கடைசியில், பதறாமல்

பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வரம் இது: 2018ஆம் ஆண்டு பி450 போர்டில், 2022இல் வந்த ரைசன் 5 5600ஐப் போட முடியும். 4 கோரிலிருந்து 6 கோருக்கும் 12 த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்) தாவுகிறீர்கள். வேலோரன்ட் போல பிராசஸரைச் சார்ந்த விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், 5600க்கு எந்தப் பதிப்பு தேவை என்று பார்த்து, எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் அந்தக் கோப்பைப் போடுங்கள். புதுப்பிக்கும் ஐந்து நிமிடத்தில் மின்சாரம் போனால் போர்டே கெட்டுவிடலாம். யுபிஎஸ் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்டாவது வாங்கி வையுங்கள்.

அடுத்தது பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றுவது. ஏஎம்4இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. இரண்டுக்கும் இடையே வெப்பம் கடத்தப் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பிராசஸரும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும், மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்ட பிறகே மேலே தூக்குங்கள். பிராசஸரின் மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணம் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் தன் எடையிலேயே உள்ளே இறங்கிவிடும், அழுத்தவே கூடாது. பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

எல்லாம் முடித்துப் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. மானிட்டர் கம்பி பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகியிருந்தது. 2200ஜியில் கிராஃபிக்ஸ் உண்டு, 5600இல் கிடையாது. அந்தத் துளையில் இனி எதுவும் வராது. கம்பியைக் கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது.